காலியான நூலகமும் நிரம்பிய நூலகமும்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குத் தென்கிழக்கே மாரியென்தால் என்றோர் ஆலைக் குடியிருப்பு உண்டு. அங்கிருந்த பெரிய துணி ஆலை 1929-இல் ஒவ்வொரு பிரிவாக மூடப்பட்டு, 1930-இன் தொடக்கத்தில் முற்றிலும் நின்றுபோனது. ஊரிலிருந்த 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால்வாசிக் குடும்பங்களில் வேலைக்குப் போகும் ஆள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவ்வூர்த் தொழிலாளர் நூலகத்தில், இரவல் கட்டணம் நீக்கப்பட்ட பிறகும், 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் போன நூல்களின் எண்ணிக்கை 48.7 விழுக்காடு சரிந்தது. நாளெல்லாம் ஆலையில் நின்றவர்களுக்குத் திடீரென்று நாள் முழுவதும் ஓய்வு கிடைத்தபோது, அவர்கள் கை புத்தகத்தின் பக்கம் போகவே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிரான காட்சி அன்றாடம் நடக்கிறது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, ஏதாவதொரு மாவட்ட மைய நூலகத்திலோ காலை வேளையில் போய்ப் பார்த்தால் தெரியும்: தோள்பை, சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில், பள்ளிப் பாடநூல்களின் கட்டு, முனை மடங்கிப்போன பழைய வினாத்தாள்கள் ஆகியவற்றுடன் இளைஞர்கள் இடம்பிடிக்க வந்துகொண்டிருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கும் வேலை இல்லை. பலர் இரண்டு, மூன்று ஆண்டுகளாக இப்படி வந்துகொண்டிருப்பவர்கள். வேலையில்லாமல் போனால் மனிதன் சோர்ந்து உட்கார்ந்துவிடுவான் என்பது பொது விதியானால், இந்த மேசைகள் எப்படி நிரம்புகின்றன?

வேலை தேடுவோரின் ஊக்கத்தைப் பற்றி நாம் பொதுவாகப் பேசும் பேச்சு இந்தக் கேள்விக்கு விடை தராது. ஊக்கத்தை ஒருவரது குணமாகவே நாம் பார்க்கிறோம். இருப்பவனிடம் இருக்கிறது, இல்லாதவனைத் திட்டியோ தட்டிக்கொடுத்தோ வரவழைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்கள் முதல் மேடைப் பேச்சாளர்கள் வரை எல்லோரும் நம்புகிற ஒன்று. மாரியென்தால் காட்டியது வேறு. ஊக்கத்தின் பெரும்பகுதி ஒருவரது நாள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. அந்தக் கட்டு அவிழ்ந்தால், நேற்றுவரை சுறுசுறுப்பாக இருந்த அதே ஆள் சில மாதங்களில் அடையாளம் தெரியாமல் மாறிப்போகிறார்.

மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் தலைமையில் ஓர் இளைய ஆய்வாளர் குழு 1931-ஆம் ஆண்டின் இறுதியில் மாரியென்தாலுக்குப் போனது. வேவு பார்க்க வந்தவர்கள் என்று ஊரார் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, வியன்னாவில் பழைய துணிகளைத் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊருக்குப் பயன்படும் ஏதாவதொரு வேலையை ஒவ்வோர் ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டார். இவர்களது முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறைவிலிருந்து ஊரின் முக்கியத் தெருவைக் கவனித்ததுதான். அந்தத் தெருவைக் கடந்த நூறு பேரில் 68 பேர் ஆண்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வழியில் இரண்டு முறையாவது நின்றார்கள். எங்கும் நிற்காமல் கடந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லாதவனுக்கு நடை தளர்ந்துவிடுகிறது. நூறு ஆண்களை எடுத்துக்கொண்டால் 88 பேரிடம் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இல்லை. அவர்களில் 31 பேருக்கு வீட்டில் கடிகாரம் இருந்தும் எடுத்துவரத் தோன்றவில்லை.

ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று மணிவாரியாக எழுதித் தரும்படி ஊராரிடம் தாள்கள் கொடுக்கப்பட்டன. அப்படி எழுதிய ஒருவர், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பிவிட்டதையும், விறகும் தண்ணீரும் எடுத்துவந்ததையும், என்ன சமைப்பது என்று மனைவி கேட்கும் கேள்வியிலிருந்து தப்பிக்க வயல் பக்கம் போய்விட்டதையும் குறித்துவிட்டு, பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையிலான கட்டத்தில் ‘இதற்குள் மதியம் ஆகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரம் எங்கே போனது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. வேலையில்லாத காலத்தை அனுபவித்தவர்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

இதில் காசின் பங்கையும் குறைத்துச் சொல்லக் கூடாது. நெருக்கமாக ஆராயப்பட்ட குடும்பங்களை, தளராதவை, அடங்கிப்போனவை, நம்பிக்கை இழந்தவை, எதிலும் அக்கறையற்றுப் போனவை என்று ஆய்வாளர்கள் நான்காகப் பிரித்தனர். ஓர் ஆளுக்கு மாதத்துக்கு என்று கணக்கிட்டால், அவற்றின் சராசரி வருமானம் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். ஐந்து ஷில்லிங் வேறுபாடு என்பது சர்க்கரை வாங்குவதற்கும் சாக்கரின் என்ற செயற்கை இனிப்போடு நிறுத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு என்று அவர்கள் எழுதினார்கள். மனத்திடம் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் இந்த நான்கு எண்களைக் கடந்துதான் மேலே போக வேண்டும். கையிருப்புக் கரையும் வேகமும் மனம் கரையும் வேகமும் ஒன்றையொன்று தொடர்ந்தே செல்கின்றன.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1980-களில், யஹோடா தம் மாரியென்தால் அனுபவத்தை ஒரு கோட்பாடாக விரித்தார். வேலை கூலியைத் தருகிறது, அது வெளிப்படை. அதோடு யாரும் கேட்காமலேயே வேறு ஐந்தையும் தந்துவிடுகிறது என்றார் அவர்: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களுடன் பழக்கம், தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் பங்கு, ஊரில் ஒரு மதிப்பும் அடையாளமும், கட்டாயமாகச் செய்தே ஆக வேண்டிய செயல். வேலை போனால் சம்பளத்தோடு இந்த ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அதன் பின் புதிய வேலையைத் தேடுவதற்கு வேண்டிய தெம்பை, அந்த ஐந்தில் எதுவுமே இல்லாத ஒரு நாளிலிருந்து ஒருவர் திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது நம் நூலக மேசைக்குத் திரும்பலாம். 2022 ஜூலை 24 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தனர். அறிவிக்கையில் இருந்த இடங்கள் 7,301, பின்னர் கூட்டப்பட்டன. தொடக்கக் கணக்குப்படி ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். வெற்றி வாய்ப்புதான் ஊக்கத்தைத் தருகிறது என்றால் இந்த மேசைகள் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். ஆனால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கு யஹோடா சொன்ன ஐந்தும் ஏதோ ஒரு வடிவில் கிடைத்துவிடுகின்றன. காலையில் இடம்பிடிக்க வேண்டும் என்பதால் எழும் நேரம் தானாக அமைகிறது. தேநீருக்கு வெளியே வந்தால் அதே பாடத்திட்டத்தைப் படிக்கும் நான்கு பேர் இருக்கிறார்கள். நேற்றைய மாதிரித் தேர்வில் எத்தனை சரி என்று அவர்களிடம் பேசிக்கொள்ள முடிகிறது. முடிக்க வேண்டிய பாடங்களுக்கு எல்லையுண்டு, தேர்வுக்குத் தேதியுண்டு. எல்லாவற்றையும்விட, ‘என்ன செய்கிறாய்?’ என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு விடை இருக்கிறது: ‘குரூப் 4-க்குப் படிக்கிறேன்.’ அந்த விடைக்கு நம் ஊர்களில் ஓரளவு மரியாதையும் இருக்கிறது.

தனியார் துறையில் வேலை தேடும் பட்டதாரிக்கோ, ஆட்குறைப்பில் வேலையிழந்த மென்பொருள் ஊழியருக்கோ இவை எவையும் இல்லை. கணக்கின்படி அவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு முந்நூறில் ஒன்றைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் அவரது நாள் கைபேசித் திரையில் கழிகிறது. வேலைவாய்ப்புத் தளத்தில் தற்குறிப்பை ஏற்றுகிறார்; பத்து இடங்களுக்கு விண்ணப்பத்தைத் தட்டிவிடுகிறார்; நிறுவனம் பார்த்துவிட்டது என்ற குறி ஒன்றிரண்டில் வருகிறது, பிறகு ஒன்றும் வருவதில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பதறி எடுக்கிறார். கடன் அட்டை விற்பவர்கள் பேசுகிறார்கள். நேர்காணல் முடிந்ததும் ‘எச்.ஆர். கூப்பிடுவாங்க’ என்று சொல்லி அனுப்பப்படுகிறார். கூப்பிடவில்லை என்பது எந்த நாளில் உறுதியாகிறது என்று அவருக்குத் தெரியாது. இதற்குள் மதியம் ஆகிவிடுகிறது.

விடையே வராத முயற்சி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு உளவியலில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும், தாங்கள் எதைச் செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு எளிதில் தப்பிக்கக்கூடிய இடத்திலும் முயலாமல் படுத்துவிடுவதைக் காட்டினார்கள். இதற்குக் ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்ற பெயர் நிலைத்தது. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி என்னவென்றால், 2016-இல் இதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உடலின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை. தன் செயலால் ஏதோ மாறுகிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவர்களது திருத்திய முடிவு. ஆய்வுக்கூடத்து விலங்கையும் வேலை தேடும் மனிதரையும் ஒன்றாக வைப்பதில் எச்சரிக்கை தேவை என்றாலும், இந்தத் திருத்தம் ஒரு பழியை நீக்குகிறது. ஐம்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு ஐம்பத்தொன்றாவதைத் தொட மனம் வராதவரைச் சோம்பேறி என்பது பொருந்தாது. அவரது செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான கயிறு அறுந்திருக்கிறது.

தேவை கூடக்கூட முயற்சியும் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே பொய்க்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2009-இல் தொடங்கி, உதவித்தொகை பெற்றுவந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வேலையற்றோரை ஆலன் க்ரூகர், ஆண்ட்ரியஸ் முல்லர் ஆகிய பொருளியலாளர்கள் வாரந்தோறும் கேட்டு ஆராய்ந்தபோது, வாரங்கள் செல்லச்செல்ல வேலை தேடுவதில் ஒருவர் செலவிடும் நேரம் குறைந்துகொண்டே போனது. வேலை தேடும் நேரமே நாளின் மிகத் துயரமான நேரங்களில் ஒன்றாக இருந்தது. வலிக்கும் இடத்தை யாரும் அடிக்கடி தொடுவதில்லை.

ஆகவே, அறுந்த கயிற்றை எங்கே முடிச்சிடலாம் என்பதுதான் கேள்வி. வேலை கிடைப்பது நம் கையில் இல்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு எங்கே உட்காருவது என்பது கையில் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இந்தச் சிறிய இடத்தைத்தான் பிடித்துக்கொண்டன. ‘இதைச் செய்வேன்’ என்று மட்டும் நினைப்பவரைவிட, ‘இந்த இடத்தில், இந்த நேரத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்தவர் செய்து முடிப்பது கணிசமாக அதிகம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்கப்பட்ட ஒரு சோதனையில், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் ஒருவர்தான். ‘இந்த வாரம் வேலை கிடைக்க வேண்டும்’ என்ற இலக்கில் ஒவ்வொரு வாரமும் தோல்விதான் மிஞ்சும். ‘செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குள் பழைய மேலாளர் ஒருவரிடம் பேசிவிடுவேன்’ என்பதைச் செய்து முடிக்க முடியும், முடித்ததை அன்று மாலை பட்டியலிலிருந்து அடித்துவிடவும் முடியும்.

ஆனால் திட்டமிடுதலை மட்டும் மருந்தாகக் கொடுப்பது போதாது என்பதற்கு 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். டாலஸ் நகரில் ஒரு கணினி நிறுவனத்திலிருந்து பல்லாண்டுப் பணிக்குப் பின் நீக்கப்பட்ட, பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த, எண்ணிக்கையில் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊழியர்களை ஸ்டெஃபனி ஸ்பெரா, எரிக் பூர்ஃபைண்ட், ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஆகியோர் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதல் குழு ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், வேலை போனது தங்களை என்ன செய்தது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதியது. இரண்டாவது குழு தன் அன்றாட நேரத்தையும் வேலை தேடும் திட்டத்தையும் எழுதியது; மூன்றாவது குழு எதுவும் எழுதவில்லை. எட்டு மாதங்களில் முதல் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் முழுநேர வேலையில் சேர்ந்துவிட்டார்கள். மற்ற குழுக்களில் அந்த அளவு மிகவும் குறைவு. வியப்பு என்னவென்றால், முதல் குழுவினர் கூடுதலாக விண்ணப்பிக்கவும் இல்லை, கூடுதலாக நேர்காணல்களுக்குப் போகவும் இல்லை. சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய மாடி கட்ட முடியாது. இருந்தாலும் அதன் ஆசிரியர்கள் தந்த விளக்கம் நேர்காணல் அறையில் உட்கார்ந்தவர்களுக்கு உடனே புரியும்: பழைய நிறுவனத்தின் மீதுள்ள கோபம் ஆறாதவர், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி வந்தவுடன் அதைக் காட்டிவிடுகிறார், அதை ஏற்கெனவே தாளில் கொட்டியவரிடம் கொட்ட ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான வேலை தேடுவோர் பயிற்சியும் இதை ஒட்டியதே. அது குழுவாக நடக்கும் பயிற்சி. பின்னர் பின்லாந்திலும் மேற்கொள்ளப்பட்டது. அதன் நடுவில் இருந்த உத்தி, தடுப்பூசியைப் போன்றது: மறுப்பு வரும், பதிலே வராமலும் போகும், அப்போது மனம் என்ன சொல்லும், அடுத்து என்ன செய்வது என்பதை மறுப்பு வருவதற்கு முன்பே எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது. பங்கேற்றவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக வேலைக்குத் திரும்பினார்கள், கிடைக்காமல் போனவர்களிடமும் ஊக்கம் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் தேநீர்க் கடையில் நிற்கும் அந்த நான்கு தேர்வர்கள் பயிற்றுநர் யாருமின்றி இதைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘போன முறை ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று’ என்று ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். தனக்கு அது நேரும்போது உலகம் இடிந்துவிடுவதில்லை.

தனியாக வேலை தேடுபவர் இழக்கும் முக்கியமான பொருள் மனிதர்கள். இதில் வெட்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உறவினர் கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு உட்காரும் முன்பே ‘இப்ப எங்க இருக்க தம்பி?’ என்ற கேள்வி மூன்று பக்கமிருந்து வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. நம்மிடையே நலம் விசாரிக்கும் முறையே அதுதான். ஆனால் இரண்டு கல்யாணத்தில் அடிபட்டவர் மூன்றாவதற்கு வருவதில்லை. நஷ்டம் இங்கேதான் நேர்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970-களில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் கண்டது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர், நெருங்கிய நண்பர் மூலமாகப் பெறவில்லை, எப்போதாவது சந்திக்கும் ஒருவர் மூலமாகவே பெற்றார்கள் என்பது. நெருங்கியவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆளிடம்தான் நாம் கேள்விப்படாத செய்தி இருக்கும். நமக்கு அந்தத் தூரத்து ஆட்கள் ஒன்றாகக் கூடும் இடமே கல்யாண மண்டபம். கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் தயாரான விடையை, ‘அந்தக் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தார்கள் மாமா, இப்போது கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறேன், உங்கள் பக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்ற அளவில், வீட்டிலிருந்தே வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கேள்வியே ஒரு வாசலாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் நூலக மேசையைச் சற்று அதிகமாகப் புகழ்ந்துவிட்டேன். நாளைக் கட்டித் தரும் ஏற்பாடு ஊக்கத்தைக் காப்பாற்றும். அந்த ஊக்கம் சரியான திசையில் போகிறதா என்பதை அது பார்க்காது. தமிழ்நாட்டில் 2001 முதல் 2006 வரை பெரும்பாலான அரசுப் பணிகளுக்கு ஆளெடுப்பு நிறுத்தப்பட்டிருந்த காலத்தைப் பொருளியலாளர் குணால் மங்கள் ஆராய்ந்திருக்கிறார். இடங்கள் ஏறக்குறைய மறைந்துபோனால் பட்டதாரிகள் வேறு வேலைக்குத் திரும்புவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் படித்த ஆண்கள் வேலைக்குப் போகாமல் தயாரிப்பிலேயே இருக்கும் போக்கு அந்தக் காலத்தில் கூடியது. படிப்பதே ஒரு வேலையைப் போல நேரத்தையும் தோழமையையும் அடையாளத்தையும் தந்துகொண்டிருக்கும்போது, அதை விடுவது இன்னொரு முறை வேலையிழப்பதற்குச் சமம். 2022 ஜூலையில் எழுதிய குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான் வந்தது. அந்த எட்டு மாதத்தை அடுத்த தேர்வுக்கான படிப்பு என்று எண்ணி எத்தனையோ பேர் கழித்தார்கள். எனவே தன்னைத்தானே கேட்க வேண்டியது ‘எனக்கு இன்னும் ஊக்கம் இருக்கிறதா?’ என்ற கேள்வியைவிட, ‘கடந்த மூன்று மாதிரித் தேர்வுகளில் சென்ற முறையின் கட் ஆஃபை நெருங்கியிருக்கிறேனா?’ என்பதுதான். முதல் கேள்விக்கு அந்த மேசையே ஆம் என்று சொல்லவைத்துவிடும். இரண்டாவதற்கு எண் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்கு ஒரு கெடுவை முன்கூட்டியே வைத்துக்கொள்வதும், வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்வதும், இரண்டாண்டுக்குப் பின் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

மாரியென்தால் தெருவில் நின்றுநின்று போனவர்கள் ஆண்கள் என்று மேலே சொன்னேன். பெண்கள் அவர்களைவிட ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள். ஆலை மூடியதால் அவர்களுக்குக் கூலி நின்றது, வேலை நிற்கவில்லை. குறைந்த காசில் சமைப்பதும், தேய்ந்த துணியை இன்னொரு முறை தைப்பதும் அவர்களது நாளை முன்னைவிட நெருக்கமாக நிரப்பின. இருந்தும், முன்பு ஆலையையும் வீட்டையும் சேர்த்துச் சுமந்து களைத்திருந்த அதே பெண்கள், திரும்ப ஆலைக்குப் போக விரும்பினார்கள். காசுக்காக மட்டும் இல்லை, அங்கே நாலு பேரோடு இருந்ததற்காகவும். நம் நூலகங்களிலும் பெண்கள் உட்காரும் மேசைகள் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் மெல்லக் காலியாகத் தொடங்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் அது. நேரத்தை எப்படி நிரப்புவது என்று ஆண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையில் பாதி இவர்களுக்குப் பொருந்துவதே இல்லை. திருமணத்துக்குப் பின் தேர்வுக்குப் படிக்கும் பெண்களைக் கேட்டால், பலரும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பதாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை.